லேமினேஷனில் போன பெயர்கள்

மேற்கு மாம்பலத்தில் பெரியம்மா வீட்டு ஹாலில் ஒரு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. 1963-ல் பரங்கிமலையில் எடுத்தது. நாற்காலியில் ஒரு வரிசை, பின்னால் நிற்பவர்கள் மூன்று வரிசை, மொத்தம் 58 பேர். சீனப் போர் முடிந்த கையோடு ராணுவத்தில் அவசர கமிஷனுக்கு, அதாவது தற்காலிக அதிகாரிப் பதவிக்கு, ஆள் எடுத்தார்களே, அவர்களுக்குப் பயிற்சி தர அந்த வருடம் அங்கே தொடங்கியதுதான் ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். 1988-ல் அது அகாடமி ஆனது. இப்போது ஓ.டி.ஏ. என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும்.

அந்தப் படம் முதலில் தடித்த அட்டை ஒன்றில் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே, அட்டையில், வரிசை வாரியாக எல்லார் பெயரும் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பெரியப்பா போன பிறகு, கரையான் அரிக்கிறதே என்று அண்ணன் அதை லேமினேட் செய்யக் கொண்டுபோனார். கடைக்காரர் பழுப்பேறிய ஓரத்தை எல்லாம் நறுக்கென்று வெட்டிப் போட்டுவிட்டு, படத்தை மட்டும் பளபளவென்று கொடுத்தனுப்பினார். 58 முகமும் இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. பெரியம்மாவுக்கு நான்கு பேரைத்தான் அடையாளம் தெரிந்தது. அதிலும் ஒருவர் "மைசூர்க்காரர், முட்டை தொடமாட்டார்" என்பதோடு சரி.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். நான் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒரு ராணுவக் கல்லூரியின் வரலாற்றைக் காப்பது என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வாளும் பதக்கமும் வைப்பது என்றே நினைத்துவிடுகிறோம். வாளுக்குப் பாலிஷ் போட எப்போதும் ஆள் கிடைக்கும். 1972-ல் பரங்கிமலையில் பயிற்சி முடித்து, 1987-ல் இலங்கையில் உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர் அங்கே பரேடு மைதானத்துக்கே இருக்கிறது. அது அழியாது. எனக்குக் கவலை எல்லாம் மற்ற காகிதங்கள் மேல்தான்: அன்றாட ஆர்டர், மெஸ் பில், ஒருவனை அடுத்த கோர்ஸுக்குத் தள்ளிய ரெலிகேஷன் குறிப்பு, அம்மாவுக்குப் போட்ட இன்லேண்டு லெட்டர். ஓர் இளைஞனை எப்படி அதிகாரியாக ஆக்கினார்கள் என்பது இவற்றில்தான் இருக்கும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பழைய ஆட்கள் இன்னும் ரெக்கார்டு ஆபீஸ் என்பார்கள். 1909-ல் எழும்பிய கட்டிடம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1670-களில் எழுதிய காகிதம்கூட அங்கே இருக்கிறது. அவனுக்கு வரலாற்றின் மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம், லண்டன் முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பயம். அந்தப் பயத்தில் ஒழுங்காக எழுதி, நகலெடுத்து வைத்தான். பின்னால் வந்தவர்கள் பட்டியல் போட்டார்கள். கேட்டால் எடுத்துத் தர முடிகிறது. பட்டியல் இல்லாத அலமாரியை நான் காப்பகம் என்று சொல்ல மாட்டேன், எடைக்குப் போகக் காத்திருக்கும் பேப்பர் அது.

ராணுவமாச்சே, ரகசியம் இருக்குமே என்பார்கள். இருக்கட்டும். போர் வரலாற்று ஆவணங்களையே பொதுவாக 25 ஆண்டுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை வெளியிட்டாயிற்று. போர்க்களக் காகிதத்துக்கே வழி இருக்கும்போது, 1963-ல் மெஸ்ஸில் இட்லி உண்டா, இல்லை தினமும் ரொட்டிதானா என்பதில் என்ன பெரிய ரகசியம்?

இன்னொன்று, இது அவசரம். 1992-ல் முதன்முதலாகப் பெண்கள் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். அளவுக்கு பூட்ஸ் கிடைத்ததா, யார் எப்படி முறைத்தார்கள், பயிற்சி முடிந்து நடக்கும் முதல் பாசிங் அவுட் பரேடுக்கு வீட்டிலிருந்து யார் வந்தார்கள் என்றெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்துவிடலாம். 1963 ஆட்களுக்கு அந்த வாய்ப்பு அநேகமாக முடிந்தேவிட்டது. எங்கள் பெரியப்பாவிடம் நானே ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. ஹிந்து பேப்பருக்குப் பின்னால் இருப்பார், நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

உங்கள் வீட்டில் இப்படிப் பழைய படம் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதி, ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். அட்டையை வெட்ட விடாதீர்கள்.

அப்புறம் ஒரு உதவி. 1963 கோர்ஸ் குரூப் போட்டோ யார் வீட்டிலாவது அட்டையோடு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து போனில் படமெடுத்துக்கொள்கிறேன். மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள், காது கொஞ்சம் விடைத்திருக்கும். அவர்தான் எங்கள் பெரியப்பா.