'டெய்ன்டட் லவ்' 1981-க்கு முன்பே மீண்டுவிட்டது
மறந்துபோன சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாட்டான 'டெய்ன்டட் லவ்'வை, 1981-இல் அதைப் பாடி வெளியிட்ட சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் பாப் குழுதான் தேடிக் கண்டுபிடித்தது என்று சொல்வதுண்டு. அப்படி இல்லை. அமெரிக்கப் பாடகி குளோரியா ஜோன்ஸ் பாடி, 1965-இல் ஒரு சிங்கிளின் (சிறு இசைத்தட்டின்) பி பக்கத்தில், அதாவது முக்கியப் பாட்டுக்குப் பின்பக்கத்தில், வந்த பாட்டு அது; அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. எழுபதுகளிலேயே வட இங்கிலாந்து நடன அரங்குகளில் இசைத்தட்டு போடும் டி.ஜே.க்கள் அமெரிக்காவில் விற்காமல் கிடந்த இசைத்தட்டுகளைக் கிளறி, இந்த மாதிரி பாட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். போட்டி டி.ஜே.க்களுக்குப் பாட்டின் பெயர் தெரியக்கூடாதென்று இசைத்தட்டின் லேபிள் மேல் தாள் ஒட்டி மறைப்பதும் உண்டு, பலே ஆட்கள்! வட இங்கிலாந்தின் விகன் நகரில் இருந்த விகன் கசினோ போன்ற நடன அரங்குகளில் விடிய விடிய ஆடியவர்களுக்கு இது பழகிய பாட்டு. 1976-இல் குளோரியாவே மறுபடி பாடிப் பதிவு செய்தார். உலகம் முழுக்கக் கொண்டுபோன பெருமையை வேண்டுமானால் சாஃப்ட் செல்லுக்குக் கொடுங்கள், சரி. அவர்களும் லீட்ஸில் உருவான குழு, அதாவது அதே வட்டாரம்.