சீரியல் இழுக்குதுன்னு கிண்டல் பண்றவங்களுக்கு

சீரியல்ல ஒரு அறை விழுந்தா அதையே மூணு தடவ காட்டுறான், சுத்தி நிக்கிற எட்டு பேரு மூஞ்சிக்கும் தனித்தனியா ஜூம் போறான், வெளிய மழையே இல்ல ஆனா இடி இடிக்குதுன்னு மீம் போடாத ஆளே கெடையாது. என்னக் கேட்டா எங்க வீட்டுப் பொம்பளைங்க சீரியல் பாக்குறதே அந்த ரியாக்‌ஷன் ஷாட்டுக்காகத்தான். நிஜ வீட்ல மாமியாரோ நாத்தனாரோ சுருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா கேட்டவ மூஞ்சிய யாரு திரும்பிப் பாக்குறா? அவளும் அடுத்த பாத்திரத்த வெளக்கப் போயிடுவா. சீரியல்ல அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு எபிசோடே ஒதுக்குறாங்க.

எல்லாத்தையும் வாய்விட்டு சொல்லிக்கிட்டே இருக்காங்க, தனியா நின்னாலும் மைண்ட் வாய்ஸ் ஓடுதுன்னு அடுத்த கம்ப்ளெய்ன்ட். அடுப்புல தாளிச்சுக்கிட்டே காதாலயே சீரியல் பாக்குறவங்க எத்தன பேருன்னு தெரியுமா, அவங்களுக்கு அப்படித்தான் எழுதணும். வில்லியோட பிஜிஎம் கேட்டுச்சுன்னா கரண்டியோட ஹாலுக்கு வந்துருவாங்க.

2002ல வந்த மெட்டி ஒலில என்ன பெரிய கத? அஞ்சு பொண்ணுங்கள பெத்த அப்பா, மாப்பிள்ள முறுக்கு, சம்பந்தி வீட்டுப் பேச்சு, அவ்ளோதான். 2020 லாக்டவுன்ல திரும்பப் போட்டப்பவும் உக்காந்து பாத்தாங்களே. கோலங்கள் எடுத்த திருச்செல்வம்தான் 2022ல எதிர்நீச்சலும் எடுத்தாரு, ரெண்டுலயும் வில்லன் பேரு ஆதிதான், அந்தப் பேரு மேல அவருக்கு என்ன கோவமோ. எதிர்நீச்சல்ல மாரிமுத்து சார் நடிச்ச ஆதி குணசேகரன் பேச்சாலயே நாலு பொம்பளைங்கள நசுக்குவாரு, "இந்தாம்மா ஏய்"னு ஒரு அதட்டல் போதும். ஆம்பளைங்க நாம அத மீமாக்கி சிரிச்சோம். பொம்பளைங்க பலபேருக்கு அந்தக் குரல் புதுசில்ல, என்னைக்காவது ஒருத்தி எதுத்துப் பேசிற மாட்டாளான்னுதான் தெனமும் பாத்தாங்க. 2023 செப்டம்பர்ல மாரிமுத்து சார் எறந்து போனப்ப அந்தாளத் திட்டித் தீத்தவங்களே அழுதாங்க, அவருக்கப்பறம் அந்த வேஷத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தும் அந்த எடம் காலியாத்தான் இருந்துச்சு.

எனக்கு ஆகாதது கடத்தல், ரவுடி கும்பல், பால்ல விஷம், லாரி மோதி பழசெல்லாம் மறந்து போறது இதெல்லாம்தான். சண்ட வீட்டு வாசலத் தாண்டுச்சுன்னா அந்த வாரம் டைரக்டருக்கு எழுத ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், எங்கம்மா கூட அப்ப சேனல மாத்திடுறாங்க.