இத்ரீஸ் நபியும் முதல் எழுதுகோலும்: குர்ஆனில் இருப்பது என்ன?

"உலகில் முதலில் எழுதுகோல் பிடித்தவர் இத்ரீஸ் நபி, தையலும் வானியலும் அவர் தந்ததே, குர்ஆனே சொல்கிறது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கடைசித் துண்டு தவறு.

குர்ஆனில் இத்ரீஸ் (அலை) பெயர் வருவது இரண்டே இடத்தில். மர்யம் அத்தியாயம் 56, 57 வசனங்கள் அவரை உண்மையாளர், நபி, உயர்ந்த இடத்துக்கு உயர்த்தப்பட்டவர் என்கின்றன. அன்பியா 85 பொறுமையாளர் வரிசையில் சேர்க்கிறது. அவ்வளவுதான். எழுதுகோலும் இல்லை, ஊசியும் இல்லை.

'எழுதுகோலால் கற்றுக்கொடுத்தான்' என்பது அலக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம். அங்கே இத்ரீஸ் பெயரே கிடையாது.

சரி, கதை எங்கிருந்து வந்தது? இப்னு இஸ்ஹாக் போன்ற பழைய வரலாற்றாசிரியர்களிடமிருந்தும், அறிவிப்பாளர் வரிசை (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற தொடர்) பலவீனமான ஒரு நீண்ட ஹதீஸிலிருந்தும் (நபிமொழியாகச் சொல்லப்படும் செய்தி). தையல்காரர் என்பதும் அப்படி வழிவழியாக வந்த செய்திதான். வானியலைச் சேர்த்ததில், அவரையும் கிரேக்க மரபில் பழங்கால ஞானியாகப் போற்றப்பட்ட ஹெர்மிஸையும் ஒருவராகக் கண்டவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

மரபுச் செய்தியாகச் சொல்லுங்கள், தடையில்லை. வசன எண் போட்டு மட்டும் அனுப்பாதீர்கள்.