மருந்தையும் அடித்துக்கொண்டு பொறிவண்டையும் விட்டால்?

"மருந்தடிக்காதீர்கள், நன்மை செய்யும் பூச்சிகளை வாங்கி விடுங்கள்" என்று ஒரு பதிவு அடிக்கடி சுற்றி வருகிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் பாதிதான் சொல்கிறார்கள். வயலில் ஏற்கெனவே இருந்து பயிர்ப்பூச்சிகளைத் தின்கிற சிலந்தியையும் பொறிவண்டையும் மருந்தால் கொன்றுவிட்டு, அப்புறம் காசு கொடுத்துப் புதிதாக வாங்கி விடுவது என்ன கணக்கு?

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியைப் பாருங்கள். அது முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. சாவது யார் என்றால், வெளியே திரியும் சிலந்திகளும், அந்த முட்டைகளைத் தேடி உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான். பிறகு முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது அவற்றைத் தின்ன ஆளே இருக்காது. புகையான் கூடும். கூடிவிட்டதே என்று மறுபடி அடிப்போம்.

இந்தோனேசியா இந்தச் சுழலில் மாட்டித்தான், 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது. மருந்துக்கான மானியத்தையும் படிப்படியாகக் குறைத்து 1989-ல் நிறுத்தியது. நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

கலிபோர்னியாக் கதை இன்னும் பழையது. 1880-களில் அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் அடங்கியது. 1940-களில் டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. வண்டு செத்தது, செதில் பூச்சி திரும்பியது.

அதற்காக எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து விடலாம் என்று சொல்லவில்லை. 1935-ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஆஸ்திரேலியாவில் தேரையை விட்டார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில்! இன்றுவரை அந்தத் தேரையை ஒழிக்க முடியவில்லை. கண்டதையும் தின்கிற பிராணியை நம்பவே கூடாது.

சரி, விவசாயி ஏன் தயங்குகிறார்? தாமதம்தான் காரணம். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி இணைசேராமலே குட்டி போடும், அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும். அதைத் தின்னும் பொறிவண்டோ முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் பிடிக்கும். இடையில் இலை சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு மனசு வருமா? டிரைக்கோகிரம்மா என்ற மிகச் சிறிய குளவி வெளிவரும்படி வயலில் கட்டுகிற ஒட்டுண்ணி அட்டையிலும் இதே சிக்கல். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டையைத்தான் தாக்கும். புழு கண்ணில் பட்ட பிறகு அட்டை கட்டினால், அந்தப் புழுவை அது ஒன்றும் செய்யாது. "கட்டினேன், பலனில்லை" என்ற புகார்களில் பலவும் இப்படி வந்தவை என்றே நினைக்கிறேன்.

இந்தோனேசியா தடையோடு நிற்கவில்லை. விவசாயிகளை வாராவாரம் வயலில் இறக்கி, பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்கப் பழக்கினார்கள். மருந்து விற்பவரே ஆலோசனையும் சொல்கிற இடத்தில் இது நடக்காது. மருந்துக்கு மானியம் கொடுக்கும் அரசுகள் அந்தப் பணத்தை இந்தப் பயிற்சிக்கும், காத்திருந்து நஷ்டப்பட்டவருக்கு ஈடு கட்டவும் திருப்பிவிடட்டும். அதற்கு முன்னால் விவசாயியிடம் போய்ப் பொறுமையைப் பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வராது.