மணக்குடிக் காயலில் துடுப்புப் போட யாரிடம் கேட்பது?

படகுக்கு லைசென்ஸே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2009-ல் கேரளத்தில் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். 2023 மே மாதம் அதே கேரளத்தில் தானூரில் 22 பேர். தானூரில் நடந்தது மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய கொடுமை. ஆகவே காசு வாங்கி ஆள் ஏற்றுகிறவனை அரசு குடைந்து குடைந்து கேட்கட்டும்.

என் ஆதங்கம் வேறு. மச்சான் ஒரு கயாக் வாங்கினான், துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகு. ரெண்டு பேர் உட்காரலாம், இன்ஜின் கிடையாது. நம் குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் அலையாத்தி மரங்களின் ஓரமாகக் காலையில் துடுப்புப் போட ஆசை. முறைப்படி அனுமதி வாங்கிவிடுவோம் என்று கிளம்பினோம். ஒரு ஆபீசில், "மீன் பிடிக்கிறீங்களா? இல்லைன்னா நாங்க இல்லை." இன்னொன்றில் கடலென்றால் வரச் சொன்னார்கள். அடுத்த இடத்தில் இன்ஜின் நம்பர் கேட்டார்கள். இன்ஜினே இல்லை சார் என்றால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மனு வாங்க முடியாதாம்!

1917-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-ல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்ஜின் படகுக்குப் பதிவு, சர்வே என்கிற படகுச் சோதனை, ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு. சரி, வேண்டியதுதான். இன்ஜின் இல்லாத படகை உள்ளாட்சி அமைப்பே பதிவேட்டில் சேர்க்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. பஞ்சாயத்தில் போய்க் கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலமே ரெண்டு. சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக் கடலை இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, கயாக்கையும் நாற்பது பேர் ஏறும் படகையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா?

இன்ஜின் இல்லாத சொந்தப் படகுக்கு பஞ்சாயத்திலேயே ஒரு பக்க மனு, சின்னக் கட்டணம், படகின் மேல் பெயிண்டில் ஒரு நம்பர். இவ்வளவு போதும். நம்பர் கட்டாயம் வேண்டும். காயலில் வலை போட்டிருக்கிறவரின் வலையை அறுத்துவிட்டு ஒருத்தன் நழுவினால் அவர் யாரைப் போய்ப் பிடிப்பார்?

மிச்சக் கெடுபிடியையெல்லாம் படகுத்துறையில் காட்டுங்கள். போன லீவில் இதே மாவட்டத்தில் ஒரு சுற்றுலாப் படகில் எனக்குத் தந்த லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பக்கத்து கொக்கியே இல்லை. கயிறு போட்டு முடிந்துகொள்ளச் சொன்னார்கள். பக்கத்திலிருந்த குழந்தைக்கும் பெரியவர்கள் சைஸ்தான். அந்தப் படகிடம் எல்லாப் பேப்பரும் இருந்திருக்கும்.

மச்சான் கயாக்கை விற்றுவிடுகிறேன் என்கிறான். விற்காதே, பஞ்சாயத்தில் எழுத்துப்பூர்வமாகவே மனு கொடுப்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மணக்குடிப் பக்கத்து ஆட்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட வருவீர்களா?