பெஞ்சுக்குப் பின்னால் ப்ளக் பாயின்ட்

வீட்டு கராஜில் ஒர்க்‌ஷாப் போடலாம் என்று இறங்கினால் முதல் எரிச்சல் இந்த ப்ளக் பாயின்ட்தான். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒர்க்பெஞ்சோ 3 அடி உயரம். சுவரோடு ஒட்டிப் போட்டதும் பாயின்ட் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். டிரில்லைச் செருக முட்டி போட்டு, இருட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும். கைக்கு வருவது மரத்தூளும் சிலந்தி வலையும்தான். சரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால் வயர் காலை இடறுகிறது. சுருட்டி வைத்தபடியே கிரைண்டரை ஓட்டினால் சூடேறி உருகவும் செய்யும். பெஞ்சுக்கு மேலே அரையடியில் நாலு பாயின்ட் வைக்க என்ன கேடு? இதில் விளக்கு வேறு, நட்டநடுக் கூரையில் ஒன்றே ஒன்று. குனிந்தால் அறுக்க வேண்டிய கோட்டின் மேல் என் நிழல்தான். அதைப் போட்டவர் ஒரு நாளாவது இங்கே நின்று மரம் அறுத்துப் பார்க்கட்டும்!