'ரன்' என்றால் 'ஓடு' மட்டும்தானா?

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் ஆங்கில நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மொழிபெயர்ப்புப் பயிற்சி. 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்ற வரிக்கு நேராக 'என் மூக்கு ஓடுகிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய சுழி. சரியான விடை எது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. "மாமா, ரன்னுன்னா ஓடுன்னுதானே மிஸ் சொல்லிக்குடுத்தாங்க, அப்புறம் இது மட்டும் ஏன் தப்பு?" என்று கேட்டாள்.

குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. 'மூக்கு ஒழுகுது' என்று சொல்லிக்கொடுத்தேன், அவளும் திருத்திக்கொண்டாள், ஆனால் எனக்கு அதோடு விட மனசில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. அந்தப் பிள்ளை தடுக்கி விழுந்தது சாதாரணக் கல்லில் இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-ல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. அப்புறம் அகராதியை மறுபடி திருத்த ஆரம்பித்தார்கள். 'ரன்' என்ற வினைச்சொல் பீட்டர் கிலிவர் என்ற பதிப்பாசிரியர் கைக்கு வந்தது. அந்த ஒரு சொல்லோடு அவர் ஒன்பது மாதம் உட்கார்ந்தார். முடித்தபோது வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின. பெயர்ச்சொல்லாக அது செய்கிற வேலைகள் தனிக்கணக்கு. உலகத்திலேயே பெரிய ஆங்கில அகராதியை உருவாக்குகிறவருக்கே ஒன்பது மாதம் தேவைப்பட்ட சொல்லை, நாம் ஒன்றாம் வகுப்பில் ஓடுகிற பையன் படத்தைக் காட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்தச் சொல்லின் பக்கம் யாருமே திரும்புவதில்லை.

இதன் வலி எனக்குத் தெரியும். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். பெரிய பெரிய வார்த்தைகள் எல்லாம் ஸ்பெல்லிங்கோடு மனப்பாடம். முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போன் அழைப்பு, அறையில் ஆறு பேர். அவர் என்னைப் பார்த்து, அதாவது என் பெயரைச் சொல்லி, 'ரன் தி நம்பர்ஸ், ரன் இட் பாஸ்ட் மீ, பிஃபோர் வீ ரன் அவுட் ஆஃப் டைம்' என்றார். ஒரே மூச்சில் மூன்று ரன். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும், ஒன்றுமே புரியவில்லை. 'யெஸ்' என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்த சீனியர் ஒருவர் பேப்பரில் தமிழில் எழுதி என் பக்கம் நகர்த்தினார்: 'கணக்குப் போட்டுப் பாரு, அவர்கிட்ட ஒரு தடவை காட்டு, நாள் ரொம்ப இல்ல.' அந்தத் துண்டுத்தாளை ரொம்ப நாள் வைத்திருந்தேன். அதில் 'ஓடு' என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?

அன்று சாயங்காலம் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தின் தலையில் 'ரன்' என்று எழுதினேன். காதில் விழுவதை எல்லாம் குறித்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் போதவில்லை. நாலு பக்கம் ஆயிற்று.

எழுத எழுதத்தான் ஒன்று பிடிபட்டது. 'ரன்' என்ற சொல்லின் பழைய வேரிலேயே கால்களால் ஓடுவதோடு தண்ணீர் ஓடுவதும் இருந்தது. அதன் உறவுக்காரச் சொற்கள் ஜெர்மனில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன, 'ரென்னன்' என்றால் வேகமாக ஓடுவது, 'ரின்னன்' என்றால் ஒழுகுவது, வழிவது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டது. இது தெரிந்துவிட்டால் மூக்கு ஏன் 'ஓடுகிறது' என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாயைத் திறந்துவிடுவதற்கும் 'ரன்', குளிக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதற்கும் 'ரன்', துவைக்கும்போது சிவப்புப் புடவையின் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கினால் அதற்கும் 'ரன்'. எல்லாம் ஒரே தண்ணீர்தான். மலைப்பாக நின்ற சொல், ஒரு படத்தை மனசில் வைத்துக்கொண்டதும் பாதி இறங்கிவிட்டது.

இங்கேதான் நம்ம 'ஓடு' வருகிறது. நம்மிடம் 'ஓடை' இருக்கிறது, ஆறும் ஓடுகிறது, ரத்த ஓட்டம் இருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, வருஷம் ஓடிப்போய்விடுகிறது. "பொழப்பு எப்படி இருக்கு?" "ஏதோ ஓடுது." வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் "மனசுல ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்கிறோம். கண்ணோட்டம், எண்ண ஓட்டம், நீரோட்டம், வெள்ளோட்டம், எல்லாவற்றிலும் ஓட்டம். வெள்ளோட்டம் என்பது ஆங்கிலத்தில் 'ட்ரையல் ரன்', பாருங்கள், அப்படியே பொருந்துகிறது. 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்று சின்ன வயதில் படித்தோமே, அந்த ஓட்டத்தில் கால் எங்கே இருக்கிறது? கப்பலில் போவதுதான் அங்கே ஓடுவது. தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்று திருவள்ளுவர் இரண்டுக்கும் ஒரே வினையைப் போடுகிறார். சினிமா நூறு நாள் ஓடியது என்பது ஆங்கிலத்திலும் 'ரன்'தான். பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளியைப் பார்த்தது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம், அதில் 'ஓடியது' என்ற சொல்லுக்கு யாருக்காவது விளக்கம் தேவைப்பட்டதா?

ஆக, ஒரு சின்ன வினைச்சொல் இத்தனை வேலை செய்யும் என்பது தமிழ்க் குழந்தைக்குப் பிறக்கும்போதே தெரிந்த விஷயம். பள்ளிக்கூடம் அதைத் தொட்டுக்காட்டுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகுமா? போகாது. பிரிகிற இடம்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். ஆங்கிலத்தில் கடையை 'ரன்' பண்ணுகிறார்கள், பள்ளியை 'ரன்' பண்ணுகிறார்கள், நாட்டையே 'ரன்' பண்ணுகிறார்கள். நாம் நடத்துகிறோம். கடை நடத்துகிறார், கல்யாணத்தை நடத்திவைத்தார், குடும்பம் நடத்துகிறார்கள். அவர்கள் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம்! நம்ம அரசுப் பேருந்தில் ஏறினால் முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர். இரண்டு வினையும் ஒரே வண்டியில் சம்பளம் வாங்குகின்றன. இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தினமும் போகிற பஸ்ஸை அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்த மாதிரி.

தேர்தல் இன்னொரு இடம். அமெரிக்காவில் ஒருவர் அதிபர் பதவிக்கு 'ரன்' பண்ணுவார். பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார், அதாவது நிற்பார். நாமும் "இந்தத் தடவை எந்தத் தொகுதியில நிக்கிறார்?" என்றுதான் கேட்கிறோம். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனால் அமெரிக்கர் அதையும் 'ரன்' என்பார், பிரிட்டிஷ்காரர் 'ஜம்ப்' என்பார். ஆங்கிலத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறுகிற விஷயத்தில், நம்ம பிள்ளை ஒரு இடத்தில் தவறினால் அதற்குச் சிவப்புச் சுழி மட்டும் பதிலாகிவிடாது.

'பேங்க் ரன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி மூழ்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும், போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்துப்பிடித்து ஓடுவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே தெரு நீளத்துக்கு வரிசை நின்றது. ஆனால் 2023 மார்ச் 9 அன்று சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுக்க உத்தரவுகள் போனபோது பெரும்பாலும் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, போனிலும் கணினியிலும் தட்டியே முடித்தார்கள். கால்கள் நின்றுபோன பிறகும் சொல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிரிக்கெட்டும் அப்படித்தான். இரண்டு விக்கெட்டுக்கும் நடுவில் மட்டையாளர்கள் நிஜமாகவே ஓடியதால்தான் அதற்கு 'ரன்' என்று பேர் வந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடவே வேண்டாம், ஆனாலும் நாலு ரன், ஆறு ரன். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை 'ஓட்டங்கள்' என்று அழகாக எழுதுகின்றன. நம்ம பக்கம் 'ரன்கள்' என்றே நின்றுவிட்டது. எனக்கு 'ஓட்டங்கள்' ரொம்பப் பிடிக்கும், இங்கேயும் அப்படி எழுதினால் நன்றாக இருக்கும்.

இத்தனையும் தெரிந்தாலும் கடைசியில் மாட்டிக்கொள்வது 'ரன்'னுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொற்களிடம்தான். 'ரன் இன்டு' ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. 'ரன் ஓவர்' வண்டி ஏற்றுவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதற்கும் அதேதான். 'ரன் அப்' என்று சொல்லிவிட்டு 'பில்' என்று சேர்த்தால் கடன் ஏறிக்கொண்டே போவது. 'ரன் டவுன்' ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, கட்டடத்தைப் பற்றிச் சொன்னால் பாழடைந்து கிடப்பது. 'ரன் அவுட்' மைதானத்தில் ஒன்று, சமையலறையில் வேறொன்று, அங்கே சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது கொடுமை. நான் செய்து பார்த்திருக்கிறேன், ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிட்டது.

நிலைத்தது எப்போது தெரியுமா? தமிழில் நாமும் இதையே செய்கிறோம் என்று உறைத்த பிறகுதான். அவர்கள் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டுகிறார்கள், நாம் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். 'ஓடிவந்தார்' என்றால் உதவிக்கு நின்றார் என்று புரிகிறது, "ஒரு ஆபத்துன்னா முதல்ல ஓடிவர்றது அவர்தான்". 'ஓடிப்போய்ட்டாங்க' என்றால் ஊரில் எல்லோருக்கும் விஷயம் வேறு. 'ஓடியாடி வேலை செய்தாள்', 'காலத்தை ஓட்டிட்டேன்', 'அவனை ரொம்ப ஓட்டாதீங்கடா'. ஒட்டுகிற துண்டு மாறினால் முழுப் பொருளும் திரும்பிவிடுகிறது. இதை அம்மா மடியில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலத்தின் அந்த வித்தை அந்நியமே இல்லை. (ஆனால் 'மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தார்' என்பதில் வருகிற ஓடு வேறு, தேர்தலில் போடுகிற ஓட்டும் வேறு. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.)

ஆங்கில ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம், திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு, எனக்குப் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான். வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று சில பள்ளிகள் வைத்திருக்கிற அந்த விதியைத் தூக்கிப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு குட்டிச் சொல்லை எடுங்கள். ரன், கெட், செட், புட், டேக். அதோடு தமிழில் அதற்குப் பக்கத்தில் இருக்கிற சொல்லையும் எடுங்கள், இரண்டையும் பலகையில் அருகருகே எழுதிப் பிள்ளைகளையே உதாரணம் சொல்லச் சொல்லுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அழகான நீளமான ஆங்கில வார்த்தைகள் அப்புறம் வரட்டும். வேலையிடத்தில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில் ஆளைத் திக்கவைப்பது எல்லாம் இந்தக் குட்டிச் சொற்கள்தான்.

அன்றைக்கு நான் என் பழைய நோட்டைத் தேடி எடுத்து அவளிடம் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள். 'ரன் எ ஃபீவர்', காய்ச்சல் அடிக்குது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மாமா, இங்கிலீஷ்ல காய்ச்சல் ஓடுது, நம்மகிட்ட காய்ச்சல் அடிக்குது. யாரை அடிக்குது?" என்றாள். அப்புறம் அவளே ஆரம்பித்தாள். வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, மணி அடிக்குது, வாசம் அடிக்குது, பெயின்ட் அடிக்கிறாங்க, டைப் அடிக்கிறாங்க, கண்ணடிக்கிறான், கும்மி அடிக்கிறாங்க, அரட்டை அடிக்கிறது, அதிர்ஷ்டம் அடிச்சது. என் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தலையில் 'அடி' என்று எழுதிக் கீழே கோடு போட்டாள். நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நேற்று ராத்திரி போன் செய்தாள், இரண்டு பக்கம் நிரம்பிவிட்டதாம், பாட்டி வேறு இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம்.